ஊத் என்னும் அகில்: தொடக்கநிலை மாணவர்க்கு ஓர் அறிமுகம்

பொங்கலூர், பல்லடம், அவினாசிபாளையம் வட்டாரத்துப் பின்னலாடைக் கூடங்களில் காலை முறை தொடங்குமுன் எந்திரத்தின் அருகே ஊதுவத்தி ஏற்றுவது வழக்கம். அதே ஊர்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் புறப்படும் பெரியவர்கள் மணிக்கட்டில் ஊத் அத்தரைத் தொட்டுக்கொள்வதும் வழக்கம். முன்னது நம் நாட்டு வழக்கம் என்றும், பின்னது அரபு நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்றும் நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். சங்க இலக்கியப் பாடத்தில் 'அகில்' என்னும் சொல் வரும்போது, 'ஒரு வாசனை மரம்' என்று எழுதிக்கொண்டு மேலே செல்கின்றனர். இம்மூன்று சொற்களும் ஒரு பொருளையே சுற்றி நிற்கின்றன என்பதை எடுத்துக்காட்டுவதும், அப்பொருளை முதன்முதலாக அறிய விரும்புவார்க்கு வேண்டிய செய்திகளைத் தொகுத்துத் தருவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர் வரலாறு

'ஊத்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கட்டை அல்லது கழி என்பதே அடிப்படைப் பொருள். நரம்பிசைக் கருவி ஒன்றுக்கும் அரபியர் இப்பெயரையே வழங்குகின்றனர். மணப்பொருள்களைப் பற்றிய பேச்சில் ஊத் என்றால் அது அகிற்கட்டையையே குறிக்கும். கட்டை என்று பொதுவாகச் சொன்னாலே இக்கட்டை என்று விளங்கும் அளவுக்கு இது சிறப்புப் பெற்றது.

தமிழில் இதன் பெயர் அகில். வடமொழியில் அகுரு, இந்தியில் அகர், மலாய் மொழியில் காஹாரு, பழைய எபிரேயத்தில் அஹாலிம், கிரேக்கத்தில் அகல்லோக்கோன் என்னும் பெயர்களை இதனோடு உறவுடையனவாக மொழியறிஞர் காட்டுவர். இவற்றுள் எது தாய், எது சேய் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் 'அகில்' மூலமாக இருத்தல் கூடும் என்பாரும் உளர். போர்த்துக்கீசியர் இச்சொல்லைத் தம் நாவுக்கேற்ப வழங்கியபோது, அது கழுகைக் குறிக்கும் அவர்களது சொல்லோடு ஒலி ஒத்துப்போயிற்று. ஆகவே ஆங்கிலத்தில் இதற்குக் 'கழுகு மரம்' என்று பொருள்படும் 'ஈகிள்வுட்' என்னும் பெயர் அமைந்தது. மரத்திற்கும் கழுகுக்கும் எத்தொடர்பும் இல்லை.

நாம் அன்றாடம் கூறும் 'அகர்பத்தி' என்பதன் முற்பகுதி அகர், அதாவது அகில். 'ஊதுவத்தி' அல்லது 'ஊதுபத்தி' என்பதன் முற்பகுதி, வாயால் ஊதுதல் என்னும் தமிழ் வினையன்று. அரபு 'ஊத்' என்பதே உருது வழியாக வந்து அவ்வாறு வழங்குகிறது என்பது சொல்லாய்வாளர் கருத்து. மராத்தியிலும் இதனை 'உதபத்தி' என்பது இக்கருத்துக்கு அரண் செய்கிறது. அப்படியாயின் இரண்டு சொற்களும் 'அகில் வத்தி' என்னும் ஒரே பொருளையே தருகின்றன. இன்று விற்கப்படும் மலிவான வத்திகளில் அகில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது.

2. மரமும் மணமும்

அகில் தரும் மரங்கள் அக்விலேரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அப்பேரினத்துள் ஏறத்தாழ 20 இனங்கள் உள்ளன. இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலும் மலேசியா, இந்தோனேசியா பகுதிகளிலும் வளர்வது அக்விலேரியா மலாக்கென்சிஸ். கம்போடியா, வியட்நாம் பகுதிகளில் அக்விலேரியா கிராஸ்னா. தென்சீனத்தில் அக்விலேரியா சினென்சிஸ். இவற்றுக்கு நெருங்கிய உறவான கைரினாப்ஸ் என்னும் பேரினத்திலும் அகில் உண்டாகிறது. இலங்கையில் 'வல்லப்பட்டை' எனப்படுவது இவ்வகையைச் சேர்ந்தது.

தொடக்கநிலை மாணவர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நலமாக வளரும் அகில் மரத்தின் கட்டையில் மணம் இல்லை. அது வெளிர் நிறமும் குறைந்த எடையும் உடைய மென்மரம். மரத்தில் காயம் படும்போது, அல்லது தண்டைத் துளைக்கும் புழு உட்புகும்போது, அவ்வழியே பூஞ்சைகள் குடியேறுகின்றன. அவற்றை எதிர்த்து மரம் தன் திசுக்களில் ஒருவகைப் பிசினைச் சுரக்கிறது. பிசின் ஊறிய பகுதி ஆண்டுகள் செல்லச் செல்லக் கருத்து, கனத்து, மணம் பெறுகிறது. இப்பகுதியே அகில். சந்தன மரத்தின் வயிரத்தில் மணம் இயல்பாகவே உண்டாகும்; அகில் மரத்திலோ தன்னைக் காத்துக்கொள்ள மரம் மேற்கொண்ட முயற்சியே மணமாகிறது.

காட்டில் உள்ள எல்லா மரத்திலும் அகில் இராது; இருக்கும் மரத்திலும் ஒரு பகுதியே அகிலாகியிருக்கும். அதன் அருமைக்கும் விலைக்கும் காரணம் இதுவே. பிசின் நிரம்பிய கட்டை நீரில் மூழ்கும். பிசின் குறைந்தது மிதக்கும். சீன மொழியில் இதற்கு 'மூழ்கும் நறுமணம்' என்று பொருள்படும் பெயர் வழங்குவதும் இப்பண்பு பற்றியே.

3. தமிழ் நூல்களில் அகில்

சங்க நூல்களில் அகில் பலவிடத்தும் பேசப்படுகிறது. குறிஞ்சி நிலத்தார் தினைப்புனத்திற்காகக் காட்டை எரிக்கும்போது அகிற்புகை எழுவதைக் குறுந்தொகை காட்டும். பழமுதிர்சோலை அருவி அகிலைச் சுமந்து சந்தன மரத்தை உருட்டி வருவதைத் திருமுருகாற்றுப்படை பாடும். மேற்கு மலையில் பிறந்த சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலை கூறும்.

நெடுநல்வாடையில் வரும் குறிப்பு நம் பொருளுக்கு மிகவும் வேண்டுவது. வாடைக் காலத்தில் நெருப்பு அமைத்து, கரிய வயிரம் உடைய அகிலோடு 'அயிர்' என்பதையும் கூட்டி மகளிர் புகைக்கின்றனர். அயிர் என்பதற்கு நச்சினார்க்கினியர் கண்டசருக்கரை என்று பொருள் கொண்டார். இங்கே இரண்டு நுட்பங்கள் உள. ஒன்று, கட்டையின் கருமையே அதன் சிறப்பு என்று புலவர் அறிந்திருந்தமை. மற்றொன்று, அகிலோடு சருக்கரை கூட்டிப் புகைக்கும் வழக்கம். இன்று அரபு நாடுகளில் 'பக்கூர்' என்னும் கலவைப் புகைப்பொருள் செய்வோர் பலர் அகில் தூளோடு சருக்கரைப் பாகைச் சேர்க்கின்றனர். கடலுக்கு அப்பாலுள்ள வழக்கம் என்று நாம் கருதுவது, மதுரையைப் பாடிய பாட்டின் உரையில் இருக்கிறது.

சிலப்பதிகாரக் கடலாடு காதை உரையில் ஐந்து விரைகள் எண்ணப்படுகின்றன. அவை கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன. இவற்றுள் கோட்டம் என்பதை மாணவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் அது மீண்டும் வரும்.

4. மலை அகிலும் கடல்வழி அகிலும்

மேற்கு மலையில் பிறந்தது என்று பட்டினப்பாலை கூறும் அகில் எம்மரம்? அக்விலேரியா மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியதன்று. அம்மலைக் காடுகளில் 'வெள்ளகில்' என்னும் பெயரால் வழங்குவது டைசாக்சிலம் மலபாரிக்கம் என்னும் வேறொரு மரம். பழம்புலவர் கூறிய மலை அகில் இதுவாகவோ இதனை ஒத்த வேறு மணமரமாகவோ இருத்தல் கூடும். எனவே 'அகில்' என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் இன்றைய ஊத் என்று பொருள் கொள்வது ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. நம் முன்னோர் பெருமையைச் சொல்லும் ஆர்வத்தில் மரங்களை ஒன்றாக்கிவிடுதல் கூடாது.

கடல்வழி வந்த அகில் பற்றி இத்தகைய ஐயம் மிகுதியாக எழாது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், தொண்டியிலிருந்து வங்கங்களின் தொகுதி அகிலையும் துகிலையும் சந்தனத்தையும் கருப்பூரத்தையும் சுமந்து வர, அவற்றோடு கொண்டல் என்னும் கீழ்க்காற்று மதுரைக்குள் புகுவதாக இளங்கோவடிகள் பாடுகிறார். இவ்விடத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் அகிலின் வகைகளை அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என நான்காக எண்ணுகிறார். காரகில் நிறத்தால் பெற்ற பெயர். ஏனைய மூன்றும் ஊரால் பெற்ற பெயர்கள். அருமணம் என்பது கீழ்ப் பர்மாப் பகுதி என்றும், தக்கோலம் மலாய்த் தீபகற்பத்துத் துறைமுகம் என்றும், கிடாரம் என்பது இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த கடாரம், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா என்றும் ஆய்வாளர் கூறுவர். இவையாவும் அக்விலேரியா வளரும் நிலப்பகுதிகள், அல்லது அவற்றின் வாயில்கள். ஆகவே அடியார்க்குநல்லார் சுட்டும் கிடாரவனே இன்று நாம் ஊத் என்று வழங்குவதன் நேர் முன்னோன் எனலாம்.

அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டு நிரம்பை என்னும் ஊரினர் என்பது அறிஞர் கொள்கை. கடற்கரையிலிருந்து பல கல் தொலைவிலுள்ள கொங்கு நாட்டுப் புலவர் ஒருவர், கடல் கடந்த துறைமுகங்களின் பெயரால் அகிலைத் தரம் பிரித்து எழுதியிருப்பது நம் வட்டாரத்து மாணவர்க்குப் பெருமிதம் தரவேண்டிய செய்தி. மேலைக் கடற்கரையையும் காவிரி நாட்டையும் இணைத்த பெருவழி பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டை ஊடறுத்தே சென்றது. நொய்யற்கரைக் கொடுமணலில் கிடைத்துள்ள தொல்பொருள்கள் அவ்வணிகத்திற்குச் சான்று.

அரபியரும் இவ்வாறே ஊரால் பெயரிட்டனர். 9ஆம் நூற்றாண்டினரான இப்னு குர்தாத்பிஹ் என்னும் நிலநூலார், சம்பா நாட்டு ஊத்தாகிய 'சன்ஃபீ', கெமர் நாட்டு ஊத்தாகிய 'கமாரீ' ஆகியவற்றை ஒப்பிட்டு, நீரில் மூழ்குவதால் முன்னது உயர்ந்தது என்கிறார். அருத்தசாத்திரமும் கடலுக்கு அப்பாலிருந்து வரும் அகுருவைத் தனிவகையாகக் கூறுகிறது. ஒரே பொருளை வெவ்வேறு மொழியினர் ஒரே முறையில் தரம் பிரித்தனர் என்பது இதனால் பெறப்படும். பிற்காலத்தில், 17, 18ஆம் நூற்றாண்டுகளில், சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர் சூலியர் என்னும் பெயரால் கெடாத் துறைமுகத்தில் செல்வாக்குடன் விளங்கினர். உரையாசிரியரின் கிடாரமும் நம் மரைக்காயர்களின் கெடாவும் ஒன்றே.

5. இஸ்லாமிய மரபில் ஊத்

நறுமணம் பூசுதல் நபி (ஸல்) அவர்கள் விரும்பிய செயல். வெள்ளிக்கிழமை குளித்து, தூய ஆடை உடுத்து, மணம் பூசித் தொழுகைக்கு வருதல் நபிவழி. சுவர்க்கவாசிகளின் தூபக்கலங்களில் இருப்பது 'அலுவ்வா' என்னும் அகிற்கட்டை என்று புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இப்னு உமர் (ரலி) அவர்கள் கலப்பற்ற அகிலையும், சில வேளை கருப்பூரம் கூட்டிய அகிலையும் புகைத்து, நபியவர்களும் இவ்வாறே செய்தார்கள் என்று கூறியதாக முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. ஹஜ், உம்ராவுக்காக இஹ்ராம் பூண்டவர் மட்டும் அந்நிலையில் மணம் பூசுதல் கூடாது.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 'ஊத் ஹிந்தீ', அதாவது இந்தியக் கட்டை, ஏழு வகை நோய்க்கு மருந்தாகும் என்னும் நபிமொழியை உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அறிவிக்கிறார்கள். இதனை அகில் என்று எழுதி அகில் எண்ணெயை மருந்தாக விற்போர் உளர். ஆனால் இங்கே குறிக்கப்படுவது 'குஸ்த்' என்று அறிவிப்பிலேயே விளக்கம் வருகிறது. குஸ்த் என்பது இமயமலைப் பகுதியில் விளையும் ஒரு செடியின் வேர். ஐந்து விரைகளுள் முதலாவதாக நாம் கண்ட கோட்டமே அது. ஒரு சொல்லைப் பொருளறியாது கொண்டால் வேருக்குப் பதிலாகக் கட்டையை மருந்தாக உண்ண நேரும். சொல்லாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

6. ஊத்தின் வடிவங்கள்

கடைகளில் ஊத் பல வடிவங்களில் கிடைக்கிறது.

கட்டை அல்லது சிராய்: பிசின் ஊறிய பகுதியைச் செதுக்கி எடுத்த துண்டு. தணலில் இட்டுப் புகைப்பதற்குரியது. உயர்தரச் சிராய் கிலோ இலட்சக்கணக்கான ரூபாய் விலை போவதுண்டு.

எண்ணெய்: பிசின் குறைந்த கட்டைகளைத் தூளாக்கி, நீரில் பல நாள் ஊறவைத்து, வாலையில் இட்டு மெல்ல வடிப்பர். நீரின்மேல் மிதக்கும் எண்ணெய் மிகச் சிறிதளவே கிடைக்கும். அஸ்ஸாம் மாநிலத்து ஹோஜாய் நகரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அவ்வூரைச் சேர்ந்த ஹாஜி அஜ்மல் அலி அவர்கள் 1951ஆம் ஆண்டு தொடங்கிய மணப்பொருள் வணிகம் வளைகுடா நாடுகளெங்கும் பரவியது. இந்திய எண்ணெயின் முதல் மணம் தொழுவத்தையும் தோலையும் நினைவூட்டும் கடுமை உடையது. புதியவர்க்கு அது பிடிக்காமற்போகலாம். சிறிது நேரம் சென்றபின் அக்கடுமை அடங்கி இனிமை எழும். கம்போடிய வகை தொடக்கத்திலிருந்தே இனிமை மிக்கது. தொடக்கநிலையினர்க்கு அதுவே ஏற்றது.

பக்கூர்: அகில் தூளோடு அல்லது சிராயோடு கத்தூரி, சந்தனம், பன்னீர், சருக்கரை முதலியன கூட்டிய கலவை.

அத்தர் கலவை: ஊத் மணம் தரும் செயற்கைப் பொருள்களை எண்ணெயில் கலந்தது. நம் ஊர்க் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பன பெரும்பாலும் இவ்வகையின.

சாம்பிராணியை ஊத்தோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. சாம்பிராணி வேறு மரத்தின் பால் இறுகியது. ஊத் பிசின் ஊறிய கட்டையே.

7. பயன்படுத்தும் முறை

கரித்துண்டை முழுவதும் கனியவிட வேண்டும். மேலே சாம்பல் பூத்து, கரியின் சொந்தப் புகை நின்றபின்பே ஊத்தை இடவேண்டும். நகத்தளவு சிராய் ஓர் அறைக்குப் போதும். செந்தணலில் நேரே வைத்தால் கட்டை கருகி, கருகல் நாற்றமே மிஞ்சும். தணலின்மேல் சிறிது சாம்பலைத் தூவி அதன்மேல் வைத்தால் பிசின் மெல்ல உருகி மணம் நின்று கமழும். சன்னலைச் சிறிது திறந்து வைத்தல் நலம். மூச்சுத்திணறல் உடையவர், கைக்குழந்தைகள் உள்ள அறையில் புகைத்தலைத் தவிர்க்க வேண்டும்.

எண்ணெயாயின் மணிக்கட்டிலோ காதின் பின்புறத்திலோ ஒரு தொடுதல் போதும். வெண்ணிற ஆடையில் தடவினால் கறை படியும். அரபு நாட்டு விருந்துகளில் இறுதியாகத் தூபக்கலம் சுற்றி வரும். அது வந்தபின் விருந்தினர் விடைபெறுதல் முறை.

8. மெய்யும் போலியும்

நம் வட்டாரத்தில் துணியைத் தொட்டுப் பார்த்தே நூலின் எண்ணைக் கூறும் தொழிலாளர் உண்டு. பருத்தியா, பாலியஸ்டர் கலப்பா என்ற ஐயம் வந்தால் ஓர் இழையை உருவி எரித்துப் பார்ப்பர். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணிபோல் கட்டியாகும். ஊத்துக்கும் நெருப்பே சோதனை. நல்ல கட்டை சாதாரண நிலையில் மெல்லிய மணமே தரும். சூடேறும்போது பிசின் கொப்புளித்து, நேரத்திற்கு நேரம் மாறும் மணம் எழும். போலிக் கட்டையோ பெட்டியைத் திறந்தவுடனே நெடியடிக்கும். நெருப்பில் இட்டால் முதலில் பூசிய எண்ணெயின் மணமும், பின் வெறும் விறகின் புகையும் வரும். மலிவான மரத்தில் கருஞ்சாயமும் எண்ணெயும் ஏற்றி அகில் என்று விற்பதுண்டு. ஆதலால் நிறத்தையோ, நீரில் மூழ்குவதையோ மட்டும் கண்டு தெளிதல் கூடாது.

செயற்கை மணத்தைச் செயற்கை என்று சொல்லி விற்பதில் குற்றம் இல்லை. அது வாங்குவார் வசதிக்கு உதவுவது. குற்றம் பெயரை மாற்றுவதில் உள்ளது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்த செய்தியை வணிகம் செய்யும் நம் சமுதாயத்தார் நன்கறிவர். தொழுகைக்குச் செல்வார் பூசும் பொருளிலேயே அவ்வேமாற்று நிகழுமானால் அது எத்துணை வருந்தத்தக்கது!

9. மரத்தின் இன்றைய நிலை

அகில் உள்ளே இருக்கிறதா என்பது வெளியிலிருந்து எளிதில் தெரியாது. ஆகவே அகிலைத் தேடிக் காட்டுக்குள் புகுந்தோர் அகில் இல்லாத மரங்களையும் வெட்டிச் சாய்த்தனர். இதன் விளைவாக அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அக்விலேரியா மலாக்கென்சிஸ் 1995ஆம் ஆண்டும், அக்விலேரியா, கைரினாப்ஸ் பேரினங்கள் முழுமையும் 2005ஆம் ஆண்டும் நடைமுறைக்கு வந்தன. முறையான சான்றிதழ் இன்றி அகிலை நாடு கடத்துவது குற்றம். கொழும்பு விமான நிலையத்தில் வல்லப்பட்டை பிடிபட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. வெளிநாட்டிலிருந்து திரும்பும் நம் இளைஞர்கள் நண்பர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தை ஆராயாமல் வாங்கி வருதல் ஆகாது.

அஸ்ஸாமிலும் திரிபுராவிலும் வீட்டுத் தோட்டங்களில் அகர் மரம் வளர்ப்பது நெடுநாள் வழக்கம். அஸ்ஸாமில் இம்மரத்தின் பட்டையைப் பதப்படுத்தி, நாம் பனையோலையில் எழுதியதுபோல், அதில் நூல்கள் எழுதினர். காமரூபத்து மன்னன் பாஸ்கரவர்மன் ஹர்ஷருக்கு அனுப்பிய பரிசுகளில் அகில் பட்டையில் எழுதிய நூல்களும் இருந்தன என்று பாணர் கூறுகிறார். மணம் தரும் மரமே ஏடாகவும் இருந்தது என்பது தமிழ்த்துறையினர் மகிழத்தக்க செய்தி.

தென்னிந்தியாவிலும் அகர் மரம் பயிரிடப்படுகிறது. நம் பகுதித் தென்னந்தோப்பு உரிமையாளர்கள் இதில் இறங்குமுன் இரண்டை எண்ணிப் பார்க்க வேண்டும். இம்மரம் மழை மிகுந்த காடுகளுக்குரியது. பொங்கலூர் மழை குறைந்த வறண்ட நிலம். அன்றியும், மரம் வளர்ந்துவிட்டாலே அகில் விளைந்துவிடாது. பூஞ்சையைச் செலுத்திப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன்பின்னும் பயன் உறுதியன்று. 'இத்தனை கன்று நட்டால் இத்தனை கோடி' என்னும் கணக்கைக் கேட்டுச் சேமிப்பை இழந்துவிடுதல் கூடாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஊத் அரபியர்க்கு மட்டும் உரியதன்று என்பதும், அகில் ஏட்டோடு மறைந்துவிட்ட பொருளன்று என்பதும் விளங்கும். மலாய்க் கரையின் மரம், தமிழ்க் கப்பலில் ஏறி, கொங்கு உரையாசிரியரின் ஏட்டில் பெயர் பெற்று, அரபியரின் தூபக்கலத்தில் கமழ்ந்து, மீண்டும் ஊதுவத்தி என்னும் பெயரால் நம் ஆலை வாயிலுக்கு வந்திருக்கிறது. இதில் இன்னார்க்கே உரியது என்று கோடு கிழிக்க எவ்விடமும் இல்லை. தமிழ் படிக்கும் மாணவர் அடுத்த முறை நெடுநல்வாடையைப் பயிலும்போது, அகில் என்னுமிடத்தில் சற்று நின்று, அண்டை வீட்டு நண்பரின் தூபக்காலில் எழும் புகையையும் நினைத்துக்கொள்வாராயின் பாடலும் விளங்கும்; அண்டை வீட்டாரும் விளங்குவர். விலை கொடுத்து வாங்குவோர் மெய்யறிந்து வாங்கவும், மரத்தை அழியாது காக்கவும் எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!